ஊர்வனக் கூண்டில் காற்றுச் செடி: காயும் நேரம்தான் கணக்கு

கூண்டில் ஒட்டிவைத்த காற்றுச் செடி சில வாரங்களில் உதிர்ந்துபோனால், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அடுத்த செடிக்கு இரண்டு மடங்கு தெளிப்பவர்கள் நிறையப் பேர். அதற்கு முன் செத்த செடியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அடி கருத்து, நசநசத்து, நடுக்குருத்தை லேசாக இழுத்தாலே கையோடு வந்தால் அது அழுகல். தாகத்தில் போன செடியின் அடி கெட்டியாகவே இருக்கும். இலைகள் உள்பக்கம் சுருண்டு, நுனியிலிருந்து காய்ந்து வந்திருக்கும். கண்ணாடிக் கூண்டுகளில் பெரும்பாலும் பார்ப்பது அழுகலைத்தான். அங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நனைந்த செடி காய்வதற்குத்தான் வழியில்லை.

ஏர் பிளான்ட் என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் டில்லாண்ட்சியா பேரினத்துச் செடிகள். அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கக் கண்டங்களில் மரக்கிளைகளிலும் பாறைகளிலும் தொற்றி வாழ்பவை. வேர் இருப்பது பிடித்துக்கொள்வதற்கு மட்டும். தண்ணீரும் சத்தும் இலைமேல் இருக்கும் நுண்ணிய செதில்கள் வழியாகத்தான் உள்ளே போகின்றன. இலை காய்ந்திருக்கும்போது அந்தச் செதில்கள் தூக்கி நின்று வெளிச்சத்தைச் சிதறவிடும். அதனால்தான் செடி சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு பரவிய இடம் மட்டும் சில நொடிகளில் பச்சையாகிவிடும், சுற்றிலும் சாம்பல் அப்படியே இருக்கும். அந்தப் பச்சை மறுபடி சாம்பலாகும் வரை இலை இன்னும் காயவில்லை என்று பொருள். இதைவிட நம்பகமான ஈரமானி எதுவும் கூண்டுக்குள் தேவையில்லை. ஆனால் பார்க்க வேண்டிய இடம் இலை நுனி அல்ல. இலைகள் ஒன்றையொன்று தழுவும் அடிப்பகுதிதான் கடைசியில் காயும்.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றுச் செடிகளில் பெரும்பாலானவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறப்பவை. கரியமில வாயுவை இரவில் வாங்கி அமிலமாகச் சேர்த்துவைத்து, பகல் வெளிச்சத்தில் அதைச் சர்க்கரையாக்கும். இரவு முழுக்க இலைமேல் தண்ணீர் படலமாக நின்றால் வாயு உள்ளே போகாது, செடி மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கும். க்ரெஸ்டட் கெக்கோ (மரமேறும் ஒரு வகைப் பல்லி) போன்ற இரவு நேரப் பிராணிகளுக்காக விளக்கு அணையும் நேரத்தில் கூண்டு முழுவதும் நனையத் தெளிப்பதுதான் வழக்கம் என்பதால், பிராணியின் தேவையும் செடியின் தேவையும் சரியாக அந்த ஒரு மணி நேரத்தில் மோதுகின்றன. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் வரை ஏறுவதால் செடிக்குக் கெடுதல் இல்லை. இலைமேல் நிற்கும் தண்ணீரால்தான் கெடுதல். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எந்தப் பிராணியோடு ஒத்துப்போகும்

மரத்தில் ஏறும், எடை குறைந்த, பூச்சியோ பழக்கூழோ தின்னும் பிராணிகள்தான் பொருத்தம். க்ரெஸ்டட் கெக்கோ, பகல் கெக்கோக்கள், மோர்னிங் கெக்கோ, பச்சை அனோல் என்ற சிறு ஓணான் ஆகியவை இந்த வகை. பச்சை அனோலும் ஸ்பானிஷ் மாஸ் எனப்படும் டில்லாண்ட்சியா உஸ்னியாய்டெஸும் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் ஒரே மரங்களில் வாழ்பவை. காட்டில் இருக்கும் கூட்டணியை அப்படியே கூண்டில் அமைக்க நினைப்பவர்களுக்கு அந்த ஜோடியைத்தான் முதலில் சொல்வேன்.

வலைக்கூண்டில் வளரும் பேந்தர் பச்சோந்தியோடும் நன்றாக வரும், ஏனென்றால் நான்கு பக்கமும் காற்று ஓடுகிறது. வெயில்ட் பச்சோந்தி வேறு கதை. அது இலை தின்னும், செடியை மொட்டையாக்கிவிடும். பச்சை இகுவானா, யூரோமாஸ்டிக்ஸ் என்ற முள்வால் ஓணான், ஆமை, தாடி ஓணான் ஆகியவற்றின் கூண்டில் காற்றுச் செடி வைப்பது வீண். ஒன்று தின்னப்படும், இல்லையென்றால் பிய்த்தெறியப்படும். டில்லாண்ட்சியா நச்சுச் செடி அல்ல, ஆனால் சத்தில்லாத நார் இலையைத் தின்ன விடுவதில் லாபமும் இல்லை. பால் பைத்தான் போன்ற கனமான பாம்புகள் செடிமேல் ஊர்ந்தே நசுக்கிவிடும்.

லெபர்ட் கெக்கோவின் வறண்ட கூண்டுக்குக் காற்றுச் செடி ஒத்துவராது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூண்டு வறண்டிருப்பதால் அழுகல் பயம் அங்கே மிகக் குறைவு. சாம்பல் நிற வகைகளை உயரத்தில், கெக்கோவுக்கு எட்டாதபடி மாட்டி, தண்ணீருக்கு மட்டும் வெளியே எடுத்தால் போதும்.

செடித் தேர்வு

இலை பச்சையாக, வழவழப்பாக இருந்தால் அது ஈரமான இடத்துச் செடி. சாம்பலாக, மெல்லிய பஞ்சு படர்ந்ததுபோல் இருந்தால் வறண்ட இடத்துச் செடி. கெக்கோ, அனோல் கூண்டுகளுக்குப் பிராக்கிகாலோஸ், புல்போசா, புட்சியை போன்ற பச்சை வகைகள் தாங்கும். அயோனாந்தாவும் கேப்பிடாட்டாவும் இடைப்பட்டவை. உயரத்தில், காற்றோட்டத்தில் வைத்தால் பிழைக்கும். டெக்டோரம் மட்டும் ஈரக்கூண்டுக்குள் போகவே கூடாது. பஞ்சுருண்டை போன்ற அதன் அழகே அதன் பலவீனம். ஆண்டிஸ் மலையின் வறண்ட சரிவுகளுக்காக அமைந்த செதில்கள் அவை, ஒரு முறை ஊறினால் காய வெகுநேரம் எடுக்கும்.

செரோகிராஃபிகா பெரியது, அகன்ற இலைகள் கொண்டது, சின்ன கெக்கோ அதன்மேல் படுத்துத் தூங்கும். வாங்கும்போது நாற்றங்காலில் வளர்த்ததா என்று கேளுங்கள். அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள செடி அது. காட்டிலிருந்து பிடுங்கியதை வாங்கக் கூடாது. புல்போசா, கேப்புட் மெடூசே இரண்டுக்கும் அடியில் வெங்காயம் போன்ற குடம் இருக்கும். இயற்கையில் அதற்குள் எறும்புகள் குடியிருக்கும்; கூண்டில் தீனிக்கு விட்ட வெட்டுக்கிளியும் சில்வண்டும் ஒளிந்துகொள்ளும். குடத்துக்குள் தண்ணீர் நின்றால் கெட்டது, அதனால் இவற்றைத் தலைகீழாகத்தான் பொருத்த வேண்டும்.

சாயம் பூசிய செடிகள் கடைகளில் நீலத்திலும் இளஞ்சிவப்பிலும் கிடைக்கின்றன. செதில்கள் மேல் பெயின்ட் அடைத்திருப்பதால் அவை தண்ணீர் குடிக்கவே முடியாது. பெயின்ட் உரிந்து பிராணியின் வாய்க்குள்ளும் போகும். தொடவே வேண்டாம். இலை விறைத்து நுனி ஊசிபோல் இருக்கும் கான்கலர் போன்றவையும் வேண்டாம், பெரும்பாலான கெக்கோக்களுக்கு மூடும் இமை கிடையாது.

நேரே கூண்டுக்குள் போகக் கூடாது

செடி நச்சில்லாதது, ஆனால் செடிமேல் அடித்த மருந்து நச்சு. நாற்றங்கால்களில் பயன்படும் ஊடுருவும் பூச்சிக்கொல்லிகள் இலைக்குள் வாரக்கணக்கில், சில மாதக்கணக்கிலும் தங்கும். தீனிப் பூச்சி அந்த இலையைக் கடித்து, அதைப் பல்லி தின்றால் விஷம் அங்கே போய்ச் சேரும். அதனால் வாங்கிய செடியை ஆறு வாரமாவது தனியே வையுங்கள். வாரம் ஒரு முறை ஓடும் தண்ணீரில் அலசி, புதுத் தண்ணீரில் அரை மணி ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். விற்பவரிடம் என்ன மருந்து அடித்தார் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். சரியான பதில் வராவிட்டால் காத்திருக்கும் காலத்தை இரட்டிப்பாக்குங்கள்.

இந்தக் காலத்திலேயே மாவுப்பூச்சி, செதில்பூச்சி, நத்தை முட்டை எல்லாம் வெளியே தெரிந்துவிடும். இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சு தென்பட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காதுக்குச்சியால் துடைத்து, பிறகு தண்ணீரில் அலசுங்கள். மற்றக் கூண்டுச் செடிகளுக்குச் சொல்லப்படும் பிளீச் குளியலை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். குடிப்பதற்கென்றே அமைந்த இலை, பிளீச்சையும் குடிக்கும்.

கழற்றி மாட்டும்படி பொருத்துங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இதைக் கடைப்பிடியுங்கள்: செடியை நேரடியாகப் பின்சுவரிலோ கிளையிலோ ஒட்டாதீர்கள். வெளியே எடுக்க முடிகிற செடியை நனைக்கவும், காயவைக்கவும், மலம் பட்டால் கழுவவும், நோய் வந்தால் பிரிக்கவும் முடியும். நிரந்தரமாக ஒட்டிய செடிக்கு இதில் எதுவும் நடக்காது.

உள்ளங்கையில் பாதி அளவு கார்க் பட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் 6 மி.மீ. மர ஆணி ஒன்றை இறுக்கிப் பொருத்துங்கள். கூண்டுக் கிளையில் 6.5 மி.மீ. துளை போட்டு அந்த ஆணியைச் செருகினால் தாங்கி தயார். அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளி அவசியம். ஈரத்தில் மரம் உப்பும், 6 மி.மீ. துளையில் ஆணி சிக்கிக்கொண்டு வராது. துளையைக் கீழிருந்து மேல்நோக்கிச் சற்றுச் சாய்வாகப் போடாதீர்கள், ஆணி நழுவும். வெளிப்பக்கம் மேலாக, உள்பக்கம் கீழாகச் சாய்ந்திருந்தால் எடையிலேயே நிற்கும். துளை கிளையின் மறுபக்கம் வரை ஊடுருவியிருந்தால் உள்ளே தண்ணீர் தேங்காது.

செடியைக் கார்க்கில் ஒட்ட, பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்க்காத சுத்தமான சிலிக்கான் போதும், மீன்தொட்டிக்கு விற்கும் வகை. ஒரு பட்டாணி அளவு. வேர் இருக்கும் இடத்திலும் அதை ஒட்டிய காய்ந்த அடியிலும் மட்டும் படட்டும். பச்சை இலையில் பசை பட்டால் அங்கே செதில்கள் அடைபடும். செடி காய்ந்திருக்க வேண்டும், ஈர அடியில் பசை பிடிக்காது. மெல்லிய பருத்தி நூலால் கட்டி ஒரு நாள் விடுங்கள், பிறகு நூலை வெட்டி எடுத்துவிடுங்கள். சிலிக்கான் இறுகும்போது வினிகர் வாடை வரும். வாடை முழுதும் போகும் வரை, பெரும்பாலும் ஒரு வாரம், தாங்கி கூண்டுக்கு வெளியே இருக்கட்டும். சூட்டுப் பசைத் துப்பாக்கியும் சிலர் பயன்படுத்துவார்கள். பிராணி சூடேற்றிக்கொள்ள வைக்கும் வெயில் விளக்கின் கீழ் அது இளகிவிடும்.

தாமிரக் கம்பியால் கட்டவே கூடாது. இந்தக் குடும்பத்துச் செடிகளுக்குத் தாமிரம் விஷம், கம்பியில் படும் நீரே போதும். மருந்தூட்டிய மரமும் துத்தநாகப் பூச்சுக் கம்பியும் இதே காரணத்தால் ஒதுக்கப்பட வேண்டியவை. தூண்டில் நரம்பால் கட்டி விட்டால் பல்லியின் விரல் சிக்கும், விரல் போகும். கட்டாயம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, முனைகள் கார்க்குக்குள் மடிந்திருக்கும்படி.

செடியின் குருத்து நேரே மேல்நோக்கி நிற்கக் கூடாது. பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ சாய்ந்திருந்தால் தண்ணீர் தானாக வடியும்.

தெளிப்பும் காற்றும்

நனைந்த நாலு மணி நேரத்துக்குள் இலையடி காய வேண்டும். இதுதான் அளவுகோல். புதுக் கூண்டு அமைத்ததும் ஒரு முறை தெளித்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள், அடியில் பச்சை எப்போது சாம்பலாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பச்சை வகைகளில் இந்த நிறமாற்றம் அவ்வளவு தெரியாது. மெல்லிய காகிதத்தை இலையிடுக்கில் ஒற்றி எடுத்தால் ஈரம் பட்டுத் தெரியும். நாலு மணி நேரம் தாண்டினால் செடியைக் குறை சொல்லாமல் கூண்டின் காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

வலை மூடியைக் கண்ணாடியாலோ பிளாஸ்டிக்காலோ பாதி மறைத்திருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். முன்கதவின் கீழே காற்று நுழையும் வலைப்பட்டை இருந்தால் அடிமண் அதை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே நுழைந்து மேலே வெளியேறும் ஓட்டம் அதைத்தான் நம்பியிருக்கிறது. இது போதாதபோது 80 மி.மீ. கணினி விசிறி ஒன்றை வலை மூடியின் மேல், காற்றை வெளியே இழுக்கும்படி வைத்து, 12 வோல்ட் விசிறிக்கு 5 முதல் 7 வோல்ட் மட்டும் கொடுத்தால் சத்தமில்லாமல் மெதுவாகச் சுற்றும். மிகக் குறைந்த வோல்ட்டில் சில விசிறிகள் கிளம்பாமல் நின்றுவிடும், சுற்றுகிறதா என்று பாருங்கள். டைமரில் தெளிப்புக்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஓடினால் போதும். நாள் முழுக்க ஓடவிட்டால் ஈரப்பதம் சரிந்து கெக்கோவுக்குத் தோலுரிப்பு சிக்கலாகும்.

தெளிப்பை இரண்டாகப் பிரியுங்கள். காலையில் விளக்கு எரிந்ததும் கூண்டு முழுதும், செடி உட்பட, நன்றாக நனையட்டும். எதிரே முழுப் பகல் இருக்கிறது, காய்ந்துவிடும். மாலைத் தெளிப்பு செடிமேல் படக் கூடாது. நாஸிலைக் கீழே, அடிமண்ணையும் எதிர்ச்சுவரையும் பார்த்துத் திருப்புங்கள். மண்ணும் பாசியும் ஈரத்தைப் பிடித்து இரவெல்லாம் மெதுவாக விடும், காற்றில் ஈரப்பதம் ஏறும், கண்ணாடியில் நிற்கும் துளிகளைப் பிராணி நக்கிக் குடிக்கும், மேல் மூன்றில் ஒரு பங்கில் இருக்கும் செடி மட்டும் காய்ந்தே இருக்கும்.

கூண்டுத் தெளிப்பே செடிக்குப் போதுமா என்பது வகையைப் பொறுத்தது. சாம்பல் வகைகளுக்கு வாரம் ஒரு முறை தாங்கியோடு கழற்றி 20 முதல் 30 நிமிடம் ஊறவிட்டு, தலைகீழாக உதறி, நாலு மணி நேரம் வெளியே காயவைத்துத் திரும்ப மாட்டுங்கள். புல்போசாவை ஊறவிடாமல் முக்கி எடுத்தால் போதும். மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. கடின நீரின் சுண்ணாம்பு இலையில் வெள்ளைப் படலமாகச் சேர்ந்து செதில்களை அடைக்கும், நாஸிலையும் அடைக்கும். உப்பு கொண்டு மென்மையாக்கிய தண்ணீர் அதைவிட மோசம், அதிலிருக்கும் சோடியம் இலை நுனியைக் கருக்கும். ஊறவைக்கும் வாளி அந்தக் கூண்டுக்கென்றே தனியாக இருக்கட்டும், சமையலறைத் தொட்டி வேண்டாம். ஊர்வனவற்றின் மலத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், செடி வழியே பாத்திரத்துக்கு வந்துவிடும்.

உரம் கூண்டுக்குள் வேண்டாம். மாதம் ஒரு முறை வெளியே ஊறவிடும்போது, தாமிரம் சேராத உரத்தைச் சொன்ன அளவில் நாலில் ஒரு பங்கு கலந்து, பிறகு சுத்தத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டலாம். உரமே கொடுக்காவிட்டாலும் செடி சாகாது, மெதுவாக வளரும், அவ்வளவுதான்.

வெளிச்சமும் சூடும்

யூ.வி.பி. (புற ஊதா) குழல்விளக்கு பிராணிக்கானது, செடிக்கு அது மட்டும் போதாது. 5000 முதல் 6500 கெல்வின் வரை உள்ள வெள்ளை எல்.இ.டி. ஒன்று தனியாக, 12 மணி நேரம். செடி இருக்கும் உயரத்தில் 10,000 லக்ஸ் அளவு கிடைத்தால் திடமாக வளரும். வெளிச்சம் குறைந்தால் இலைகள் நீண்டு, தளர்ந்து, நிறம் மங்கும். அந்த நிலையில் செடி தண்ணீரையும் மெதுவாகத்தான் பயன்படுத்தும், அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். இரவுப் பிராணி என்றால் கீழே அகன்ற இலைச் செடிகளோ கார்க் குழாயோ வைத்து நிழல் கொடுங்கள்.

வெயில் விளக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். செடி இருக்கும் இடத்தில் 32 டிகிரி தாண்டினால் ஆபத்து. கையால் உத்தேசிக்காமல் வெப்பமானி வைத்துப் பாருங்கள். ஒரே பக்கத்தில் வைக்கோல் நிறத் திட்டு விழுந்தால் அது விளக்கு சுட்ட காயம், ஆறாது, செடியை நகர்த்துவதுதான் வழி. பீங்கான் வெப்பமூட்டிக்கு நேர் கீழே எந்தக் காற்றுச் செடியும் நிலைக்காது.

கவனிக்க வேண்டிய இன்னும் சில

தீனிப் பூச்சிகளைத் திறந்துவிட்டால் மிச்சமானவை இளங்குருத்தைக் கடிக்கும், இலையிடுக்கில் செத்து அழுகும். கிண்ணத்தில் வைத்துக் கொடுங்கள். பூச்சிமேல் தூவும் கால்சியம் தூளும், பிராணியின் வெள்ளை யூரேட்டும் (கெட்டியான சிறுநீர்க் கழிவு) இலையில் காய்ந்து ஒட்டினால் அன்றே கழுவிவிடுங்கள். பாம்பு உண்ணி வந்த கூண்டிலிருந்து எந்தச் செடியையும் வேறு கூண்டுக்கு மாற்றாதீர்கள், இலையிடுக்குகள் உண்ணிக்கு வசதியான ஒளிவிடம்.

உயிருள்ள ஸ்பானிஷ் மாஸை அடர்த்தியாக அள்ளி வைப்பவர்களைப் பார்க்கிறேன். அடர்த்தியில் உள்பக்கம் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் கருத்துவிடும், குஞ்சுப் பல்லிகளின் கால் இழைகளில் சுற்றும். பத்துப் பதினைந்து இழைகளாகப் பிரித்து, மேலே ஒரே புள்ளியில் மாட்டித் தொங்கவிடுங்கள், கண்ணி விழாதபடி. குஞ்சுகள் இருக்கும் கூண்டில் வேண்டவே வேண்டாம்.

என்ன செய்தும் நாலு மணி நேரத்தில் காயாத கூண்டு என்றால், அங்கே நியோரெஜீலியா வையுங்கள். அதே குடும்பம்தான், ஆனால் நடுக்கிண்ணத்தில் தண்ணீர் தேங்கி நிற்பதற்கென்றே அமைந்த செடி. பகல் கெக்கோக்கள் அதிலேயே குடிக்கும்.

செடி பூத்த பிறகு மெல்ல வாடத் தொடங்கினால் பதற வேண்டாம். குலை தள்ளிய வாழையைப் போலத் தாய்ச்செடி ஒரு முறைதான் பூக்கும், பிறகு பக்கக் கன்றுகளை விட்டுவிட்டு ஓராண்டு, ஈராண்டில் ஓயும். அயோனாந்தா பூக்கும் முன் நடு இலைகள் சிவக்கும், அது சூட்டுக் காயம் அல்ல. கன்று தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதும் அடியைப் பிடித்து மெல்லத் திருகினால் பிரிந்து வரும். அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள், இன்னும் தாயிடமிருந்து சத்து வாங்குகிறது. பிரித்த கன்றின் காயம் காய இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் வைத்து, அதன் பிறகு புதுக் கார்க் துண்டில் ஒட்டலாம்.